விளக்கும் வேண்டும், அப்பாவும் வேண்டும்

(ஜார்ஜ்டவுனில் பதிவான தொலைக்காட்சிக் கருத்துமேடையில் பெண் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைப் பேச அழைப்பதுதான் என் வேலை. இன்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். நான் மருத்துவர் அல்ல, தாதியும் அல்ல. மக்கள் தொடர்பியலில் டிப்ளோமா வாங்கியவள். ஆனால் என் அப்பா இரண்டு ஆண்டுகளாக வீட்டிலேயே பிராணவாயு எடுத்துக்கொள்கிறார். அந்த இரண்டு ஆண்டுகளில் எங்கள் வீட்டில் நடந்த தவறுகளைப் பட்டியல் போட்டால் ஒரு சிறு நூலே வரும். அவற்றில் ஒன்றுகூட அலட்சியத்தால் நடக்கவில்லை. எல்லாமே பாசத்தால் நடந்தவை. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பதினான்கு வயதில் வாயில் வைத்த சிகரெட்டை அறுபத்தெட்டு வயதில்தான் கீழே போட்டார். போட்டார் என்றுதான் நாங்களும் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார் மருத்துவர். ஒரு நாளைக்குக் குறைந்தது 15 மணி நேரம் பிராணவாயு எடுக்க வேண்டும், அளவு நிமிடத்திற்கு 1 லிட்டர் என்று எழுதிக் கொடுத்தார்.

அதைக் கேட்டதும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். நம் மக்களிடையே 'ஆக்சிஜன் வச்சாச்சுன்னா முடிஞ்சது' என்றொரு பேச்சு உண்டல்லவா? அது தவறு. அமெரிக்காவில் 1980-லும் பிரிட்டனில் 1981-லும் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள், இரத்தத்தில் பிராணவாயு மிகவும் குறைந்துபோன இத்தகைய நோயாளிகள் தினமும் 15 மணி நேரமோ அதற்கு மேலோ அதை எடுத்துக்கொண்டால் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று காட்டின. இன்றுவரை மருத்துவர்கள் அந்த ஆய்வுகளை வைத்துத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். ஆகவே இது கடைசி மூச்சுக்கான ஏற்பாடு அல்ல, தினமும் சாப்பிடும் மாத்திரையைப் போன்ற ஒரு மருந்து.

வீட்டிற்கு இயந்திரம் வந்தது. கான்சென்ட்ரேட்டர் என்பார்கள். சிறிய குளிர்பதனப் பெட்டி அளவில் இருக்கும். அறையிலுள்ள காற்றை இழுத்து, அதிலிருந்து நைட்ரஜனைப் பிரித்துவிட்டு, 90 விழுக்காட்டிற்கு மேல் பிராணவாயுவாக மூக்குக் குழாய் வழியே அனுப்பும். கொண்டுவந்த ஆள் பத்தே நிமிடத்தில் சுவிட்சைக் காட்டினார், ஆங்கிலத்தில் ஒரு கையேட்டைக் கொடுத்தார், லோரி காத்திருக்கிறது என்று கிளம்பிவிட்டார். அந்தக் கையேட்டில் முதல் பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் போட்டிருந்த எச்சரிக்கையை நாங்கள் படித்தது ஆறு நாள் கழித்து.

எங்கள் வீடு ஜெலுத்தோங்கில் ஒரு பழைய வரிசை வீடு. அப்பாவால் மாடியேற முடியாததால் கட்டிலைக் கூடத்திற்கு இறக்கினோம். கூடத்தில்தான் சாமி மேடை இருக்கிறது. கட்டிலின் தலைமாட்டிற்கும் அம்மாவின் குத்துவிளக்கிற்கும் இடையே நான்கு அடிகூட இல்லை. காலையும் மாலையும் விளக்கு, ஊதுபத்தி. வெள்ளிக்கிழமை என்றால் சாம்பிராணி, கற்பூரம். அப்பாவுக்கு உடம்பு முடியாத பிறகு அம்மா விளக்கில் இன்னொரு திரியும் சேர்த்துப் போட்டார். ஆறு நாள், நேயர்களே!

எரியாத வாயு, எரிய வைக்கும் வாயு

இங்கே ஒரு சிறிய அறிவியல் பாடம் தேவைப்படுகிறது. பிராணவாயு தானாக எரியாது. அது சமையல் எரிவாயு போன்றதல்ல. ஆனால் எரியும் எந்தப் பொருளையும் அது வெறி கொண்டு எரிய வைக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு ஏறக்குறைய 21 விழுக்காடு. அது இரண்டு மூன்று விழுக்காடு கூடினாலே துணியும் முடியும் எளிதில் பற்றிக்கொள்ளும், வேகமாகவும் கூடுதல் சூட்டோடும் எரியும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கூடியிருக்கிறதா இல்லையா என்று நம் மூக்கு சொல்லாது. குழாயைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு இயந்திரத்தை நிறுத்தாமல் போனால், அந்த வாயு மெத்தையிலும் போர்வையிலும் ஊறி நிற்கும். போட்டிருப்பவரின் சட்டையிலும் தலைமுடியிலும் அப்படித்தான்.

1967 ஜனவரி 27-ஆம் நாள் அமெரிக்காவில் அப்போலோ 1 விண்கலத்தைத் தரையிலேயே வைத்துச் சோதனை செய்தார்கள். கலத்தினுள் நிரப்பியிருந்தது சுத்தப் பிராணவாயு. எங்கோ ஒரு மின்பொறி. கஸ் கிரிஸ்ஸம், எட் வைட், ராஜர் சாஃபி என்ற மூன்று விண்வெளி வீரர்களும் கதவைத் திறப்பதற்குள் மாண்டு போனார்கள். 2021 ஏப்ரல் 24 இரவு, கோவிட் காலத்தில், பாக்தாத்தின் இப்னு அல்-காத்திப் மருத்துவமனையில் பிராணவாயு சிலிண்டர்கள் வெடித்துத் தீ பரவி 80-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 நவம்பர் 15 இரவு இந்தியாவின் ஜான்சி நகர மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீ. அன்றிரவே 10 பச்சிளம் குழந்தைகள் பலி. பிராணவாயு நிறைந்த பிரிவு என்பதால் தீ மிக வேகமாகப் பரவியதாக அங்குள்ள அதிகாரிகள் தெரிவித்தனர்.

இவையெல்லாம் பெரிய இடங்கள், நம் வீட்டில் ஒரு சின்னக் குழாய்தானே என்று கேட்கலாம். அமெரிக்காவில் மெய்ன், மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், ஒக்லஹோமா ஆகிய நான்கு மாநிலங்களில் மட்டும், 2000 முதல் 2007 வரை, வீட்டில் பிராணவாயு எடுத்துக்கொண்டே புகைபிடித்ததால் மூண்ட தீயில் 38 பேர் இறந்ததாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2008-இல் அறிவித்தது. எல்லாம் வீடுகள். எல்லாம் சின்னக் குழாய்கள்.

விளக்கை எங்கே வைப்பது?

கையேட்டைப் படித்த அன்று மாலை நான் அம்மாவிடம், இனிமேல் கூடத்தில் விளக்கு ஏற்றக்கூடாது என்றேன். எப்படிச் சொன்னேன் தெரியுமா? செய்தி வாசிப்பது போல் சொன்னேன். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், "கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இந்த வீட்டுல விளக்கு அணைஞ்சதில்ல. உங்கப்பா இப்படிக் கிடக்கிற நேரத்துல நிறுத்தச் சொல்றியே, உனக்கு மனசு வந்துச்சா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள், நான் உட்பட, இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு பேசுவதில்லை. 'தீ கூடாது' என்று நான்கு மொழிகளில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

அண்ணன் ஒரு வழி சொன்னார். சாமி மேடை அங்கேயே இருக்கட்டும், மின்கலத்தில் எரியும் விளக்கை அதில் வைப்போம் என்றார். லிட்டில் இந்தியாவில் அழகழகாக விற்கிறார்கள். அம்மாவுக்கு அது விளக்காகத் தெரியவில்லை. "பேட்டரிக்குச் சாமி வருமா?" என்றார். கடைசியில் அப்பாதான் தீர்த்து வைத்தார். மூச்சு வாங்க வாங்க, "வாசல்ல ஏத்து. நான் இங்கேருந்து பார்த்துக்கிறேன்" என்றார். அம்மா எழுந்து போய் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இப்போது கூடத்து மேடையில் பேட்டரி விளக்கு. வாசல் திண்ணையில், காற்று வீசும் இடத்தில், எண்ணெய் விளக்கு.

இடைவெளி என்பது வெறும் பேச்சல்ல. குழாய் போட்டிருப்பவருக்கும் எந்த நெருப்புக்கும் இடையே குறைந்தது 10 அடி இருக்க வேண்டும். விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், கேஸ் அடுப்பு எல்லாமே நெருப்புதான். குழாயை மாட்டிக்கொண்டு அடுப்படியில் நின்று ரசம் தாளிப்பது அறவே கூடாது. தனியே வாழும் வயதான பெண்கள் இதைச் செய்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். மின்சார ஷேவர், முடி உலர்த்தும் கருவி, வேப் எதுவும் கூடாது. குழாயைக் கழற்றிய உடனேயும் நெருப்பருகே போகக்கூடாது. காற்றோட்டமான இடத்தில் குறைந்தது இருபது நிமிடமாவது இருந்து, சட்டையில் ஊறியது கலைந்த பிறகே போக வேண்டும்.

பினாங்கில் நமக்கு இன்னொன்றும் இருக்கிறது. அண்டை வீடு. சீனர்களின் ஏழாம் மாதத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, தகர டின்னில் காகிதப் பணம் எரிப்பார். காற்று எங்கள் பக்கம் அடித்தால் பொறி எங்கள் ஜன்னலுக்கு வரும். சொல்லத் தயங்கினேன். அது அவர்களுடைய வழிபாடு அல்லவா? அப்பாவின் இயந்திரத்தைக் காட்டி மலாயில் விளக்கினேன். அவர் மறுநாளே டின்னை வீட்டின் மறுபக்கத்திற்கு மாற்றிக்கொண்டார். நம் வீட்டு விளக்கை மாற்ற எனக்கு நான்கு நாள் ஆனது என்பதையும் இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். தீபாவளியன்று நாங்கள் ஜன்னல்களை மூடி, அப்பாவைப் பின்னறையில் வைத்துக்கொள்கிறோம். பட்டாசுச் சத்தம் கேட்டு அவர் முகம் சுளித்தாலும் வேறு வழியில்லை.

தைலம், எண்ணெய், அண்ணன்

அடுத்த பாசம் தைலம். மூச்சு முட்டினால் நெஞ்சில் தைலம் தேய்ப்பது நம் கை தானாகச் செய்யும் காரியம். பிராணவாயு எடுப்பவரின் முகத்திலும் மூக்கைச் சுற்றியும் நெஞ்சிலும் எண்ணெய்ப் பசையுள்ள தைலமோ வேசலினோ தடவக்கூடாது. அவை எளிதில் தீப்பற்றும். வறண்ட காற்றால் மூக்கு எரிந்தால், மருந்தகத்தில் நீர் கலந்த ஜெல் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். ஆல்கஹால் கலந்த கைத்தூய்மியைப் போட்டால் கை நன்றாகக் காய்ந்த பிறகே குழாயைத் தொடுங்கள். அம்மா அப்பாவுக்குத் தினமும் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்துச் சீவிவிடுவார். அதையும் நிறுத்தினோம். அதற்கு அம்மா சண்டை போடவில்லை. சீப்பை மட்டும் வைத்துக்கொண்டு சீவினார்.

அண்ணன் கதை வேறு. மின்சாரம் தடைபட்டால் என்ன செய்வது என்று ஒரு சிலிண்டரையும் வாங்கி வைத்திருக்கிறோம். நம் பேச்சில் தோம்பு. அதன் வால்வு இறுக்கமாக இருந்தது. அண்ணன் தையல் இயந்திரத்திற்குப் போடும் எண்ணெயைக் கொண்டுவந்துவிட்டார்! நல்லவேளை, நான் பக்கத்தில் இருந்தேன். நிரம்பிய சிலிண்டரில் ஒரு சதுர அங்குலத்திற்கு ஏறக்குறைய 2,000 பவுண்டு அழுத்தம் இருக்கும். கார் டயரைப் போல் அறுபது மடங்கு. அந்த அழுத்தத்தில் பாயும் பிராணவாயு எண்ணெயைத் தொட்டால் தீக்குச்சியே தேவையில்லை, தானாகப் பற்றிக்கொள்ளலாம். எண்ணெய்க் கையோடு ரெகுலேட்டரைத் தொடவே கூடாது. வால்வு திறக்கவில்லையென்றால் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். திறக்கும்போதும் மெதுவாகத் திறக்க வேண்டும்.

சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியாலோ தாங்கியாலோ கட்டி வையுங்கள். சாய்ந்து விழுந்து கழுத்து உடைந்தால் அது ஏவுகணை போல் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டு வையுங்கள். 680 லிட்டர் கொள்ளும் சிலிண்டர், நிமிடத்திற்கு 2 லிட்டர் வீதம் போனால் ஐந்தரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மின்தடை என்றால் தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்கு உடனே அழைத்து, வீட்டில் பிராணவாயு நோயாளி இருக்கிறார் என்று சொல்லுங்கள்.

இயந்திரத்தைச் சுவரிலுள்ள பிளக்கிலேயே நேராகச் செருக வேண்டும். நீட்டிப்பு வயரில் மின்விசிறி, தொலைக்காட்சியோடு சேர்த்துச் செருகினால் வயர் சூடாகும். திரைச்சீலைக்கும் சுவருக்கும் ஓரடியாவது தள்ளி வையுங்கள். 350 வாட் இயந்திரம் 15 மணி நேரம் ஓடினால் நாளொன்றுக்கு 5 யூனிட்டுக்கு மேல் ஆகும். மின்கட்டணத்தைப் பார்த்துவிட்டு நேரத்தைக் குறைக்கிறார்கள் சிலர். அப்படிச் செய்யாதீர்கள். இயந்திரம் வாங்க வசதியில்லாதவர்கள் அரசு மருத்துவமனையிலுள்ள மருத்துவ சமூகநலப் பிரிவை அணுகி, என்ன உதவி கிடைக்கும் என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

நான் செய்த தவறு

மற்றவர்களைச் சொன்னேன். இனி என்னைப் பற்றி. ஓர் இரவு அப்பாவுக்கு மூச்சு இரைத்தது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் பார்த்தேன், 89 காட்டியது. பரீட்சையில் 89 வாங்கினாலே 'மீதி 11 எங்கே?' என்று கேட்கும் வீட்டில் வளர்ந்தவள் நான். குமிழைத் திருகி 1-லிருந்து 4-க்கு ஏற்றினேன். எண் 98-க்கு ஏறியது. நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலையில் எழுப்பினால் அப்பா எழவில்லை. கண்ணைத் திறந்தார், ஏதோ உளறினார், மறுபடி மூடிக்கொண்டார். 999-க்கு அழைத்து, ஆம்புலன்சில் கொண்டுபோனோம்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அப்பாவைப் போன்ற நுரையீரல் நோயாளிகள் சிலருக்குத் தேவைக்கு மேல் பிராணவாயு கொடுத்தால், உடலிலிருந்து வெளியேற வேண்டிய கரியமில வாயு இரத்தத்தில் தேங்கிவிடும். தூக்கம், தலைவலி, குழப்பம் வரும். முற்றினால் நினைவே தப்பும். அத்தகையவர்களுக்கு 88-லிருந்து 92 வரை இருந்தால் போதுமென்று வைக்கிறார்கள். அதாவது, அந்த 89 சரியான எண். நான்தான் அதைக் 'கெடுத்தேன்'. அப்பா நான்கு நாளில் வீடு திரும்பினார். வந்ததும் என்னைப் பார்த்து, "பரவாயில்லம்மா, நல்ல தூக்கம்" என்றார். அதற்கு நான் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

உங்கள் வீட்டு நோயாளிக்கு எந்த எண் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கி, இயந்திரத்தின் மேலேயே ஒட்டி வையுங்கள். கூட்டுவதும் கூடாது, நன்றாக இருக்கிறாரே என்று நாமாகக் குறைப்பதும் கூடாது. ஆக்சிமீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். கருமையான தோல் உள்ளவர்களிடம் அந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வொன்று வெளிவந்தது. 2021-இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகமும் இதுபற்றி எச்சரித்தது. நம் நிறத்திற்கு இது பொருந்தும். எண் நன்றாக இருந்தாலும் உதடு நீலம் பூத்தால், பேச மூச்சு போதாவிட்டால், எழுப்ப முடியாத தூக்கம் வந்தால், 999-ஐ அழையுங்கள்.

பின்கதவு

இப்போது அந்த சிகரெட் கதை. ஒரு ஞாயிறு மாலை பின்கட்டுக்குத் துணி எடுக்கப் போனேன். அப்பா அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்குக் குழாய் கழுத்தில் தொங்குகிறது, உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கையில் கிரேத்தேக், மறு கையில் லைட்டர். இன்னும் பற்றவைக்கவில்லை. எனக்குக் கத்தவும் தோன்றவில்லை. முதலில் உள்ளே ஓடி இயந்திரத்தை நிறுத்தினேன். பிறகு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். யார் கொடுத்தார்கள் என்று கேட்டேன். பார்க்க வந்த பழைய நண்பர், பாவம் மனுசன் ஆசைப்படுறாரே என்று இரண்டு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதுவும் பாசம்தான்!

அப்பாவைத் திட்டுவதில் பயனில்லை என்பதை அன்று தெரிந்துகொண்டேன். ஐம்பது ஆண்டுப் பழக்கம் ஒரு குழாயைப் பார்த்துப் பயந்து ஓடாது. மருத்துவரிடம் உண்மையைச் சொன்னோம். பல குடும்பங்கள் இதை மறைக்கின்றன, இயந்திரத்தைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயத்தில். மறைக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்குகளில் புகைபிடிப்பதை நிறுத்த உதவும் சேவை இருக்கிறது. அப்பாவுக்கு நிக்கோட்டின் சூயிங்கம் கொடுத்தார்கள். முதல் மாதம் வீட்டில் யாரும் நிம்மதியாக இருக்கவில்லை. இப்போது அவர் பிடிப்பதில்லை என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் சொல்ல முடியும். அதனால் வீட்டில் லைட்டரே கிடையாது. அடுப்புக்குத் தானியங்கி ஸ்விட்ச், வாசல் விளக்குக்கான தீப்பெட்டி அம்மாவின் முந்தானையில். வாசல் கேட்டில் 'உள்ளே பிராணவாயு, புகைபிடிக்காதீர்' என்று தமிழ், மலாய், சீனம், ஆங்கிலத்தில் எழுதி மாட்டியிருக்கிறோம். வருகிறவர்களிடம் சட்டைப்பை சோதனை வேறு. கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

இங்கிலாந்தில் வீட்டுப் பிராணவாயுக் குழாய்களில் ஒரு சிறு தீத்தடுப்பு வால்வைப் பொருத்துகிறார்கள். குழாயில் தீ பிடித்தால் வாயுவை அது தானாக நிறுத்திவிடும். விரல் நீளம்கூட இல்லாத பொருள். இங்கே இயந்திரம் தருகிறவர்களிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டில் நோயாளிப் பக்கம் ஒன்று, இயந்திரத்துப் பக்கம் ஒன்று என இரண்டு இருக்கின்றன. அப்படியும் முகத்தருகே குழாய் பற்றிக்கொண்டால் உடனே கழற்றித் தூர வீசுங்கள், எட்டினால் இயந்திரத்தின் ஸ்விட்சை அணையுங்கள், நோயாளியை வெளியே கொண்டுவந்து கதவைச் சாத்திவிட்டு 999-இல் தீயணைப்பு மீட்புப் படையைக் கூப்பிடுங்கள். பொருளை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

நேரம் முடிந்துவிட்டதென்று கை காட்டுகிறார்கள். மற்றவர்களுக்கு நான் காட்டும் அதே கை!

ஒன்றே ஒன்று. அப்பாவுக்குக் குழாய் வாங்கும்போது கடைக்காரர் 50 அடி எடுத்துக்கொள்ளுங்கள், வீடு முழுக்க நடக்கலாம் என்றார். நான் அளவுநாடாவோடு வீட்டிற்கு வந்து அளந்தேன். கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போக வேண்டும், கூடத்து ஜன்னல் வரை வர வேண்டும், அடுப்படிக்கும் வாசல் திண்ணைக்கும் எட்டக்கூடாது. 25 அடிக் குழாய்தான் வாங்கினேன். மாலை ஆறரைக்கு அம்மா வாசலில் விளக்கேற்றுவார். அப்பா ஜன்னல் வரை வந்து நின்று பார்ப்பார்.